வேட்டி கட்டிக்கொண்டு கிடா விற்கப் போனேன்

கிடாவைச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டு போய் விற்றுவிட்டு வரவேண்டும். அவ்வளவுதான் வேலை.

அதுவும் விற்கப்போவது நான் இல்லை. அப்பாவுக்குக் காலில் கருவேல முள் குத்திச் சீழ் கோத்துவிட்டதால், எங்கள் தெரு கருப்பையா மாமா விலை பேசுவதாக ஏற்பாடு. நான் கயிற்றைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நிற்கவேண்டியது.

"வாயத் தொறக்காம நின்னாப் போதும்" என்றார் அப்பா. "கெடா நல்ல வெலைக்குப் போச்சுன்னா ஒனக்கு ஒரு நாலு முழ வேட்டி எடுத்துத் தாரேன்."

வேட்டி!

அந்தக் காலத்தில் வயசுப் பயலுக்கு வேட்டி என்றால் என்ன என்று இன்றைக்குப் பேண்ட் போட்டுக்கொண்டு பிறக்கிற பிள்ளைகளுக்குத் தெரியாது. என்னோடு படித்தவன் எல்லாம் வேட்டிக்கு மாறிவிட்டான். நான் ஒருத்தன்தான் காக்கி டவுசர். டவுசருக்குக் கீழே காலெல்லாம் கருகருவென்று முடி. கல்யாண வீட்டில் என்னைச் சின்னப் பயல்களோடு பந்தியில் உட்காரவைத்து, "இந்தப் பெரிய டவுசருக்கு இன்னொரு அப்பளம் போடு" என்று சிரிப்பார்கள்.

வகுப்பில் சுப்பையா என்று ஒருத்தன். நேற்று முளைத்த மீசைக்கு விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வருவான். அவன் என்னைப் பேர் சொல்லியே கூப்பிட்டதில்லை. "ஏலே டவுசரு!" அம்புட்டுதான்.

எனக்குக் கோபம் அப்போதே மூக்கு நுனியில். ஆனால் டவுசர் போட்டவன் கோபப்பட்டால் யார் மதிக்கிறார்கள்?

அதனால் ஒரு காரியம் செய்தேன். சந்தைக்கு என் வகுப்புப் பயல்கள் வருவார்கள் என்று தெரியும். கொடியில் காய்ந்த அப்பாவின் வேட்டியை உருவி, கிடாவுக்குக் கட்டியிருந்த அகத்திக் கீரைக் கட்டுக்குள் சுருட்டி வைத்துக்கொண்டேன். ஊர் எல்லை தாண்டியதும் புதர் மறைவில் நின்று டவுசருக்கு மேலேயே கட்டிக்கொண்டேன். எட்டு முழம். என் இடுப்பைச் சுற்றிச் சுற்றி வந்தும் தீரவில்லை. ஒரு வழியாகச் சொருகினேன்.

மாமா திரும்பிப் பார்த்தார். "யாருப்பா இந்தப் பெரிய மனுசன்?"

"நல்லா இருக்கா மாமா?"

"அகத்திக் கீரை வாசம் அடிக்குது. மத்தபடி மாப்பிள்ளை மாதிரிதான் இருக்க."

வேடசந்தூர்ச் சந்தைக்குப் போகிற வழியெல்லாம் மாமா எனக்குப் பேரம் சொல்லிக்கொடுத்தார். வாயால் விலை பேசக் கூடாது. துண்டைப் போட்டு மூடி, அதற்குள் விரலைப் பிடித்துத்தான் பேசவேண்டும். எத்தனை விரல் பிடிக்கிறார்களோ அதுதான் விலை. தலையை ஆட்டினால் பத்தாது என்று அர்த்தம். கை உள்ளே இருக்கிறவரைக்கும் வேறு வியாபாரி குறுக்கே வரமாட்டான். "ஆனா கைய உருவிட்டா பேரம் முறிஞ்சுபோச்சு. அப்புறம் அந்த ஆளு திரும்பிப் பாக்க மாட்டாரு. தெரிஞ்சுக்க."

தெரிந்துகொண்டேன்.

சந்தையில் நுழைந்ததும் மாமா, "செத்த நேரம் கயித்தப் பிடி, வெத்தலை வாங்கிட்டு வாரேன்" என்று போனார். அவர் தலை மறையக்கூட இல்லை, அதற்குள் சுப்பையா வந்து நிற்கிறான். கூட ரெண்டு பேர். மூணு பேரும் வேட்டி.

"ஏலே டவுசரு... அட, வேட்டியா! யாரு வேட்டிடா?"

"என் வேட்டிதான்."

"ஒன் வேட்டி ஏண்டா ஒன்னிய நாலு சுத்து சுத்தியிருக்கு?"

அந்த நேரம் பார்த்துத் திண்டுக்கல் ராவுத்தர் ஒருத்தர் வந்தார். பிரியாணிக் கடைகளுக்கு ஆடு பிடித்துக் கொடுக்கிற பெரிய வியாபாரி. கிடாவின் முதுகைத் தடவினார், பல்லைப் பார்த்தார், என்னையும் மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, பெரியவங்க யாரும் வரலியா?"

"அவன் கயிறு பிடிக்க வந்தவன் ராவுத்தரய்யா" என்றான் சுப்பையா. "வெலை பேச ஆளு வெத்தலை வாங்கப் போயிருக்கு."

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "நான்தான் பேசணும். கையக் குடுங்க!" என்றேன். குரல் உடைகிற வயசு. 'கையக்' கனமாக வந்தது, 'குடுங்க' கீச்சென்று வந்தது. இனிமேல் வாயைத் திறப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்தேன்.

ராவுத்தர் சிரிப்பை அடக்கிக்கொண்டு தோள்துண்டை எங்கள் கைமேல் போட்டார். என் விரலைப் பிடித்தார். குறைச்சல். தலையை ஆட்டினேன். இன்னொரு விரல் சேர்ந்தது.

அப்பா மாமாவிடம் சொல்லியனுப்பிய விலை வந்துவிட்டது!

அதோடு முடித்திருக்கலாம். ஆனால் அரை நிமிசத்தில் முடிந்தால் அது ஒரு பேரமா? சுப்பையா வேறு பார்த்துக்கொண்டு நிற்கிறான். வானத்தைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன்.

அப்போதுதான் பின்னால் ஏதோ இழுத்தது.

கிடா. காலையில் அகத்திக் கீரைக்குள் கிடந்த வேட்டி அல்லவா? மிச்சக் கீரை என்று நினைத்து ஓரத்தை வாயில் போட்டு நிதானமாக மென்றுகொண்டிருந்தது. இடுப்பில் ஒரு சுற்று தளர்ந்தது.

வலது கை துண்டுக்குள். உருவினால் பேரம் போச்சு. இடது கையில் கயிறு. விட்டால் கிடா போச்சு. பிடிக்கவேண்டியது மூணு, எனக்கு இருந்தது ரெண்டு கை!

சுப்பையாவிடம், "கொஞ்சம் வேட்டியப் பிடிடா" என்று சொல்லலாம். அதற்குப் பதில் நான் அந்தச் சந்தைப் புழுதியிலேயே புதைந்துபோகலாம்.

வயிற்றை உப்பி முன்னால் தள்ளினேன். தொடையை இறுக்கினேன். பல்லைக் கடித்தேன். நெற்றியில் வேர்த்தது. என் முகம் போன போக்கைப் பார்த்த ராவுத்தர், விலை பத்தாமல் ஆத்திரப்படுகிறேன் என்று நினைத்து இன்னொரு விரலைச் சேர்த்தார்.

கிடா இன்னொரு வாய் இழுத்தது. நான் முழியைப் பிதுக்கினேன்.

ராவுத்தர் இன்னும் ஏற்றினார்!

சுற்றிக் கூட்டம் சேர்ந்துவிட்டது. "யாரு பெத்த பிள்ளைப்பா? ராவுத்தரையே தண்ணி குடிக்க வைக்கிறான்!" என்றார் ஒரு பெரியவர். சுப்பையா வாயைப் பிளந்துகொண்டு நின்றான். "ஏலே மாப்ள, விடாதடா!" என்றான்.

மாப்ள! டவுசரு இல்லை, மாப்ள!

அந்த ஒரு சொல்லுக்காக இன்னொரு தரம் தலையை ஆட்டினேன்.

ராவுத்தர் பெருமூச்சு விட்டார். கடைசியாக என் கையை மொத்தமாகப் பிடித்து ஓர் அமுக்கு அமுக்கினார். அந்தச் சந்தையில் அந்த விலைக்குக் கிடா போனதே இல்லை. சரி என்று சொல்ல வாயெடுத்தேன்.

கிடாவும் அப்போதுதான் முழு பலத்தோடு ஓர் இழு இழுத்தது.

சத்தியமாகச் சொல்கிறேன், நான் யோசிக்கவே இல்லை. ரெண்டு கையும் தானாக இடுப்புக்கு வந்துவிட்டது.

ரெண்டு கையும்!

பேரம் முறிந்தது. கயிறு விட்டது. சரி, வேட்டியாவது மிஞ்சியதா? அதுவும் கிடா வாயில். எட்டு முழ வேட்டியைக் கொடி மாதிரி பறக்கவிட்டுக்கொண்டு சந்தைக்குள் அது ஓடுகிறது. காக்கி டவுசரோடு பின்னால் நான் ஓடுகிறேன். பானைக் கடைக்காரி, "ஏலே, பானைப் பக்கம் வராத!" என்று கத்துகிறாள். வெங்காயம் வாங்க வந்த கூட்டம் வெங்காயத்தை விட்டுவிட்டு எங்களைப் பார்க்கிறது.

ஒருவழியாக மாமாதான் வெத்தலையும் கையுமாக வந்து கயிற்றை மிதித்துப் பிடித்தார்.

"அய்யா, சரிங்கய்யா, குடுத்துர்றேன்" என்று ராவுத்தரிடம் ஓடினேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். "கை உருவினது உருவினதுதான் தம்பி." என் டவுசரைப் பார்த்தார். "அதுவுமில்லாம, இம்புட்டு நேரம் நான் பேசினது ஒரு பெரிய மனுசன்கிட்ட. அவரு எங்க போனாருன்னு தெரியல."

மற்ற வியாபாரிகளும் வரவில்லை. ராவுத்தர் விட்ட கிடாவில் ஏதோ கோளாறு இருக்கும் என்று தள்ளிப் போய்விட்டார்கள்.

கிடாவோடு வீட்டுக்கு வந்தோம். நான் பேசிய விலையை மாமா சொன்னபோது அப்பா முகம் மலர்ந்தது. மிச்சத்தைச் சொன்னபோது நொண்டிக்கொண்டே எழுந்தார். அந்தக் காலோடு அவரால் அம்புட்டு வேகமாக வரமுடியும் என்று எனக்குத் தெரியாது.

அடுத்த சந்தையில் மாமாவே கிடாவை விற்றார், ராவுத்தர் கடைசியாகப் பிடித்ததில் பாதி விலைக்கு. சொன்னபடி வேட்டியும் எடுத்தார்கள். அப்பாவுக்கு. கிடா மென்ற வேட்டியை அம்மா கிழிந்த பக்கம் வெட்டிவிட்டு என்னிடம் கொடுத்தாள். சரியாக நாலு முழம் தேறியது.

கட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனேன். சுப்பையா கும்பிட்டு வழிவிட்டான். "ஏலே, எல்லாரும் தள்ளி நில்லுங்கடா. கெடா கட்டுற வேட்டி வருது!"

அதற்குப் பிறகு எத்தனையோ சந்தை, எத்தனையோ பேரம். பேரம் பேசுகிறவனுக்கு மனசு உறுதியாக இருக்கவேண்டும் என்று புதிதாக ஆட்டு வியாபாரத்துக்கு வருகிற பயல்கள் என்னிடமே வந்து விளக்குகிறார்கள்.

மனசு கிடக்கட்டும். முதலில் ஒரு பெல்ட் வாங்குங்கள்.