‘தவறான முறை’ என்ற தலைப்பின் கீழ்

2025 மார்ச் 11, செவ்வாய்க்கிழமை. காலை ஐந்தரைக்கு எழுந்து, கிணற்றடியில் முகம் கழுவி, பால் விடாத பிளேன் ரீ குடித்தேன். யன்னலால் உள்துறைமுகத்தைப் பார்த்தேன். இரண்டு கப்பல்கள் நின்றன. டயறியில் குறித்தேன். (கப்பல்களுக்கும் எனக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. ஆனால் குறிக்காமல் விட்டால் அன்று சாப்பாடு இறங்காது.) பிறகு சேர்ட்டை அயன் பண்ணியபடி சுதன்மீது பொறாமைப்பட்டேன். அதுவும் அந்த நாட்களில் என் காலைக் கடமைகளில் ஒன்று.

சுதன் என் சகலன். மனைவியின் தங்கையைக் கட்டியவன். ஓர்ஸ் ஹில்லில் இருக்கும் எங்கள் சிறிய மென்பொருள் நிறுவனத்தில் அவனுக்கு வேலை எடுத்துக் கொடுத்ததே நான்தான். இருவரும் கையேடு எழுதுபவர்கள். ஏஐ முகவர் என்பது சொன்ன வேலையைத் தானே செய்து முடிக்கும் ஒரு நிரல். அது எந்த பிளாக்செயின் வலையமைப்போடு, எந்த முகவரியில் இணைய வேண்டும் என்பதை ஒரு கோப்பில் அமைத்துக் கொடுக்கும் கருவியை நிறுவனம் செய்திருந்தது. அந்தக் கோப்பை எழுதும் விதத்தை முகவருக்குச் சொல்வதே எங்கள் கையேடு. வாசகர் மனிதர் அல்ல என்பதை மட்டும் நான் சரியாக மனதில் வாங்கவில்லை.

முதலில் சுதன் ஒரு பக்கம் எழுதினான். மூன்று வரியில் ஒரு மாதிரிக் கோப்பு, அவ்வளவுதான். அலுவலகமே புகழ்ந்தது. அதைத் தாங்கிக்கொண்டேன். ஆனால் ஒருநாள் என் மனைவி மாலதி மீன் வெட்டிக்கொண்டே சொன்னாள்:

"சுதன்ட பக்கத்தை வாசிச்சனான். எனக்கே விளங்கிச்சு."

"என்ர?"

"உங்கட இன்னும் வாசிச்சுக்கொண்டிருக்கிறன்."

அந்த நேரத்தில்தான், கிண்ணியாவிலிருந்து வரும் எங்கள் மேலாளர் றிஸ்வானா, ஆவணப் பிரிவுக்கு ஒரு பொறுப்பாளர் தேவை என்றார். நான் எழுதும் விரிவான கையேட்டை மட்டும் வாசித்து, யாருடைய உதவியும் இல்லாமல் முகவர் பரிசோதனை வலையமைப்போடு இணைந்தால் பதவி எனக்கு. இல்லாவிட்டால் சுதனுக்கு.

நாற்பது வரியில் ஒரு மாதிரிக் கோப்பு எழுதினேன். வரிக்கு வரி விளக்கம். முகவரி வரவேண்டிய இடத்தில், மாதிரிப் படிவங்களில் போடுவதுபோல் ‘உங்கள் முகவரியை இங்கே இடவும்’ என்று ஒழுங்காகப் போட்டேன். அத்தோடு நின்றிருக்கலாம். பக்கத்தின் அடியில் ‘தவறான முறை’ என்று தலைப்பிட்டு, சுதனின் மூன்று வரியை அப்படியே ஒட்டி, ‘இத்தகைய சோம்பேறித்தனமான அமைப்பைத் தவிர்க்கவும்’ என்றும் எழுதினேன். (அன்று இரண்டு தட்டுப் பிட்டுச் சாப்பிட்டேன்.) கையேடுகளில் பிழை கண்டால் திருத்தம் முன்மொழியும் அனுமதியையும் முகவருக்குக் கொடுத்து வைத்தேன். சுதனின் பக்கங்களை அது கிழித்துத் தொங்கவிடும் என்ற நம்பிக்கை.

அந்தச் செவ்வாய்க்கிழமை பத்து மணிக்குப் பெரிய திரையின் முன் எல்லோரும் கூடினோம். முகவர் என் நாற்பது வரியையும் ஒன்று விடாமல் எடுத்தது. நான் நெஞ்சை நிமிர்த்தினேன். பிறகு அது ‘உங்கள் முகவரியை இங்கே இடவும்’ என்ற முகவரியோடு இணைய முயன்றது. முடியவில்லை. திரும்பவும் முயன்றது. மனிதராக இருந்தால் என்னைத் திட்டியிருப்பார். அது பொறுமையாக மூன்றாம் முறையும் முயன்றது.

"சேர், அது அந்த வசனத்தையே முகவரி எண்டு நினைக்குது போல," என்றார் றிஸ்வானா.

"கொஞ்சம் பொறுங்கோ. அது இன்னும் முழுக்க வாசிக்கேல்லை," என்றேன்.

உண்மைதான். முகவர் அடிவரை வாசித்தது. ‘தவறான முறை’யை எடுத்தது. நொடியில் இணைந்தது.

திரையில் வந்த அறிக்கையைத் தமிழில் சொன்னால் இப்படி: ‘சரியான முறை வேலை செய்யவில்லை. தவறான முறை வேலை செய்கிறது. தலைப்புகள் இடம் மாறியிருக்கக்கூடும். திருத்தியுள்ளேன். கையேட்டின் ஆசிரியர் ஒப்புதல் தரவும்.’

திருத்தத்தைப் பார்த்தேன். சுதனின் மூன்று வரி மேலே போயிருந்தது. கீழே, ‘தவறான முறை’ என்பதன் கீழ் என் நாற்பது வரி. அதற்கும் கீழே, நான் எழுதிய இடத்திலேயே அசையாமல் நின்றது அந்தச் சோம்பேறித்தனம் பற்றிய வசனம்.

சுதன் சிரிக்கவில்லை. அதுதான் தாங்க ஏலாமல் இருந்தது.

"முகவரியப் போட்டிருந்தா உங்கடயும் ஓடியிருக்கும் அண்ணை," என்றான் மெதுவாக. "ஆனா என்ர வரியள் ஏன் அதில கிடக்கு?"

"ஒப்பீட்டுக்கு."

"ஓம், நல்லா ஒப்பிட்டுக் காட்டிப்போட்டீங்க," என்றார் றிஸ்வானா. "ஒப்புதலைக் குடுங்கோவன் சேர்."

"நாளைக்குப் பாப்பம்."

பதவி சுதனுக்குப் போனது. நான் வீடு போய்ச் சேர முன்னரே சுதனின் மனைவி, என் மச்சாள், தொலைபேசியில் முழுக் கதையும் சொல்லி முடித்திருந்தாள். மாலதி சோற்றுக் கோப்பையை என் முன் வைத்து, "சோத்துக்கு மேல கறியோ, கறிக்கு மேல சோறோ? எது சரியான முறை?" என்றாள். அன்று தொடங்கியது. இப்போது நான் குடை விரித்தாலும், தேங்காய் உடைத்தாலும், வீட்டில் யாராவது ஒருவர் "இது எந்தத் தலைப்புக்குக் கீழ?" என்று கேட்கிறார். சுதன் மட்டும் கேட்பதில்லை. அந்தப் பெருந்தன்மைமீதும் எனக்குப் பொறாமைதான்.

மறுநாள் புதன்கிழமை, முதல் வேலையாகக் கணினியைத் திறந்தேன். சுதனின் மூன்றாவது வரியின் கடைசியில், கூடுதலாக ஓர் இடைவெளி இருந்தது. அதை அழித்தேன். பிறகு ஒப்புதல் கொடுத்தேன்.