சேஷகிரி மாமா எழுந்துபோன இலை

பெருமதிப்புக்குரிய மாமாவுக்கு,

உங்கள் தங்கை மகன் நாகபூஷண் குனிந்து பாதம் தொட்டு எழுதுவது. துங்கை ஆற்றங்கரையில் மழை, அட்டைகள், நான், மூவரும் நலம். உங்கள் பாக்குத் தோட்டமும் அத்தையின் முழங்காலும் நலமாயிருக்க வேண்டுகிறேன். நீங்கள் போனை எடுப்பதில்லை. ஆகவே கடிதம்.

பள்ளி நிர்வாகக் குழுத் தலைவராக நீங்கள் அனுப்பிய தாள் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் மன்னிப்புக் கடிதம், இல்லையேல் ராஜினாமா. மூன்றாவதாக ஒன்று இருக்கிறது. இரண்டும் தரமாட்டேன் என்பது.

எல்லாம் உங்கள் பேச்சில் தொடங்கியது. ஆசிரியர் முகாமில் 'தலைமைக்கு அத்வைதம்' என்று பேசினீர்கள். "பெருக்குறவளுக்குள்ள இருக்கிற பிரம்மமும் பிரின்சிபாலுக்குள்ள இருக்கிற பிரம்மமும் ஒண்ணு. அடுத்தவனை அடுத்தவனாப் பார்க்காதவன்தான் தலைவன்!" குழு கைதட்டியது. நானும் தட்டினேன். மற்றவர்கள் வீட்டுக்குப் போனார்கள். மைசூரில் தத்துவம் படித்தவன் நான். நம்பிவிட்டேன்.

திங்கட்கிழமை தலைமையாசிரியர் அறையிலிருந்த என் நாற்காலியைத் தூக்கி வராந்தாவில் போட்டேன். யார் வேண்டுமானாலும் உட்காரலாம், உட்கார்ந்தவர் தலைமையாசிரியர். முதலில் உட்கார்ந்தவர் டிரில் மாஸ்டர் மஞ்சப்பா. உட்கார்ந்த கையோடு தன் விடுப்பு விண்ணப்பத்தில் என் பெயரைக் கையெழுத்துப் போட்டுவிட்டு மாமியார் ஊருக்குப் பஸ் ஏறிவிட்டார். திரும்பி வந்ததும் கேட்டேன். "நீங்க வேற நான் வேறயா சார்? அப்படிச் சொன்னா எனக்கே மனசு கஷ்டமாயிருக்கு" என்றார். அடுத்து ஒன்பதாம் வகுப்பு. காலாண்டுக் கணக்குத் தேர்வில் ஒரே ஒரு விடைத்தாள், அதில் எல்லார் பெயரும். வகுப்புத் தலைவி சௌபர்ணிகா சொன்னாள்: "தனித்தனின்னு நினைக்கிறதே மாயைன்னு நீங்கதானே சார் சொன்னீங்க? நாங்க விட்டுட்டோம்." கணக்கு டீச்சர் இந்திராபாய் அந்த ஒரு தாளுக்குக் கிடைத்த மதிப்பெண்ணை வகுப்பு முழுவதற்கும் பங்குபோட்டார். மாயை சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது.

இந்திராபாய் உடுப்பிக்காரர், மத்வர், துவைதி. "உங்க ஆளுங்களுக்கு எல்லாம் ஒண்ணு. எங்களுக்குப் பேதம் சத்தியம் சார். பாஸ் வேற, ஃபெயில் வேற" என்பார். பள்ளி இதுவரை இடிந்து விழாமல் நிற்பது அவரால்தான்.

இவை என் தவறுகள். நாற்காலி உள்ளே வந்துவிட்டது. இனி என் கையெழுத்தை நான் மட்டுமே போடுவேன். விடைத்தாள் ஆளுக்கு ஒன்று. இதற்கெல்லாம் வேண்டுமானால் வருந்துகிறேன்.

நிறுவனர் நாள் சாப்பாட்டுக்கு வருந்தமாட்டேன்.

வழக்கம் உங்களுக்குத் தெரியும். நீங்கள் வைத்ததுதான். குழுவினருக்குக் கூடத்தில் முதல் பந்தி, ஹோளிகேப் போளியும் மேலே நெய்யும். பிறகு பிள்ளைகள், நெய் இல்லாமல். பெருக்கும் லச்சம்மாவுக்குக் கிணற்றடியில் இலை, மிஞ்சியது. நான் ஒரே பந்தி போட்டேன். உங்களுக்கு இடப்பக்கம் ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி, வலப்பக்கம் லச்சம்மா. அவர் உட்கார மறுத்தார். நான்தான் கைகூப்பி உட்காரவைத்தேன்.

"டேய் நாகு, இது பந்தியா, சந்தையா?" என்றீர்கள்.

"உங்க பேச்சுதான் மாமா."

"பேச்சு மைக்குக்குடா. இலைக்கு இல்ல."

பிறகு வயிறு சரியில்லை என்று எழுந்துவிட்டீர்கள். நெய் விட்ட இலை அப்படியே கிடந்தது. குழு முழுவதும் வயிறு சரியில்லாமல் உங்கள் பின்னால் போனது. பிள்ளைகள் பார்த்தார்கள். அன்று பள்ளி நடத்திய ஒரே பாடம் அதுதான்.

போகிற வழியில் பஸ் ஸ்டாண்டு ஹோட்டலில் வண்டியை நிறுத்தி நீர்தோசை சாப்பிட்டீர்களாம், உங்கள் டிரைவர் சொன்னார். பக்கத்து மேஜையில் யார் என்று கேட்டீர்களா மாமா? மாவு அரைத்தது யார்? வயிறு அங்கே எப்படிச் சரியானது? குத்திக்காட்ட எழுதவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான். இல்லை, குத்திக்காட்டவும்தான்.

காலியான உங்கள் இடத்தில் வந்து உட்கார்ந்தவர் இந்திராபாய். "நீங்க பேதம் பார்க்கிறவங்களாச்சே டீச்சர்?" என்றேன். "ஆமா. ஒவ்வொரு ஜீவனும் வேற வேற. அதனால ஒவ்வொருத்தருக்கும் முழுசா ஒரு இலை, தனியா ஒரு கரண்டி நெய். ஒண்ணுன்னு சொல்லிக்கிட்டு பாதிப்பேருக்கு நெய்யில்லாம போடறது உங்க சித்தாந்தம்தான். உட்காருங்க, ஆறிப்போகுது" என்றார்.

நான் இன்னும் அத்வைதிதான். ஆனால் அன்று அவர் பக்கத்தில்தான் சாப்பிட்டேன்.

லச்சம்மா சாப்பிடவில்லை. இலையை மடித்துவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து பள்ளியில் தண்ணீர்கூடக் குடிப்பதில்லை. அவரை உட்காரவைத்தது நான், எழுந்தது நீங்கள், பட்டினி அவர். ஆகவே மன்னிப்பு யாரிடம் யார் கேட்கவேண்டும் என்பதில் எனக்குக் குழப்பமில்லை. நான் விலகமாட்டேன். நீங்கள் நீக்கலாம். அப்படியானால் காரணத்தை முழுசாக எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டவேண்டும்: 'எல்லாரையும் ஒன்றாக உட்காரவைத்தார்.'

அத்தைக்கு என் நமஸ்காரம். மழைக்குப் பாக்கு அழுகாமல், உங்கள் கோபம் என்னைத் தாண்டி அம்மாமேல் பாயாமல் இருக்க சாரதாம்பாள் அருள் புரியட்டும்.

என்றும் உங்கள் பிரியத்துக்குரிய (இதுவரை)
நாகபூஷண்

பி.கு.: உறையை ஒட்டுமுன் ஒரு செய்தி. மஞ்சப்பா குழுவுக்குப் பயந்து, நான் வகுப்பில் இருந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்து, என் பெயரில் மன்னிப்புக் கடிதம் எழுதிக் காலைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டார். உருக்கமான கடிதமாம். இந்தக் கடிதத்துக்கு முன்பே அது உங்களுக்குக் கிடைத்திருக்கும். அது என் கையெழுத்தில்லை என்று இனிச் சொல்லி என்ன? நானும் நாற்காலியை மறுபடி வராந்தாவுக்குத் தூக்கிவந்து, அதில் உட்கார்ந்து, உங்கள் பெயரில் லச்சம்மாவுக்கு ஒரு மன்னிப்புக் கடிதம் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர் நிதானமாகப் படித்தார். "பெரியவர் எழுத்து இப்படிக் கோணலா இருக்காதே சார். பரவாயில்ல, யாரோ ஒருத்தர் கேட்டீங்களே" என்றார். இன்று மதியம் பள்ளியிலேயே சாப்பிட்டார். ஞாயிற்றுக்கிழமை நீங்கள் என்னை நீக்க வரும்போது பந்தியும் உண்டு. உங்கள் இலை அவர் இலைக்குப் பக்கத்தில்.