உடைந்ததாகக் கூறப்படும் குழாய்

"ஐயா, குழாய் ஒடஞ்சிருச்சுங்க. புள்ள மடுவத்துல சொட்டுத் தண்ணி இல்ல. கஞ்சி வைக்கணும், புள்ளைங்க கத்துதுங்க" என்றாள் தெய்வம்மா. கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில், கொழுந்து பறிக்கப் போகும் தாய்மார் குழந்தைகளை விட்டுச் செல்லும் அந்த மடுவத்துக்கு அவள்தான் ஆயா.

தொழிலாளர் நல அதிகாரி ரவிச்சந்திரன் ஜீப்பிலிருந்து இறங்கினார். ஏதோ கூடுதல் பொறுப்பு என்று போன மாதம் வந்த ஜீப். ஆணையில் ஜீப் வரைக்கும் படித்திருந்தார். ஆன்லைனில் சட்டச் சொற்கள் பயிற்சியை முடித்துச் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டியது அதைவிடப் புதிது.

"நீயா முடிவு பண்ணக் கூடாதும்மா. உடைந்ததாகக் கூறப்படும் குழாய்."

"அங்க பீச்சி அடிக்குதுங்களே!"

"அடிப்பதாகக் கூறப்படுகிறது."

குழாய் வேலை பார்க்கும் வேலன் ஸ்பேனரோடு வந்தான். "காட்டெருமை மிதிச்சிருக்குதுங்க. ரப்பர் சுத்துனா இப்பவே நின்னுரும்."

"தொடாதே! அது சாட்சியம். இடத்தைப் பார்வையிட்டு மகஜர் எழுதும்வரை தற்போதைய நிலை தொடரணும்."

தற்போதைய நிலை தொடர்ந்தது. தேயிலைச் சரிவில் இறங்கி, ரோட்டைத் தாண்டி, மதியத்துக்குள் ரவிச்சந்திரனின் குவார்ட்டர்ஸுக்கே போய்ச் சேர்ந்தது.

மனைவி போனில் அலறினாள். "ஏனுங்க, ஊட்டுக்குள்ள தண்ணி வந்திருச்சு!"

"வந்ததாகக் கூறப்படும்..."

"கூறுனது போதும். காலி சிலிண்டர் மிதக்குது, வாங்க!"

இதற்கு எவனாவது பதில் சொல்லியாக வேண்டும். ரவிச்சந்திரன் ஆபீசுக்குப் பறந்து, தான் சொல்லச் சொல்லக் கிளார்க் சுஜாதாவைத் தட்டச்சு செய்ய வைத்தார்.

"தண்ணீர் விநியோகப் பொறுப்பு அதிகாரி கடமை தவறியதற்கு முகாந்திரம் உள்ளது. அவரை உடனடியாகப் பணியிடைநீக்கம் செய்யப் பரிந்துரைக்கிறேன்."

"சார், அது வந்து... பேரு..."

"பேரு கூடாது, பதவிதான். சட்டம் ஆளைப் பார்க்காது."

"இல்லைங்க சார், ஆளு..."

"அடிங்க சுஜாதா!"

அடித்தாள். வாட்ஸ்அப்பில் எஸ்டேட் மேனேஜரான பெரிய துரைக்குப் போனது. உடனே பதில் வந்தது: "ஒரு சொல்லும் தவறில்லை. ஒப்புதல். இப்போதே அமல். வேலன் குழாயைக் கட்டட்டும்."

ரவிச்சந்திரன் நெஞ்சு நிமிர்ந்தது. "பார்த்தீங்களா? வார்த்தை சரியா இருந்தா வேலை தானா நடக்கும்" என்று ஜீப் சாவியை விரலில் சுழற்றியபடி கிளம்பினார்.

சுஜாதா கையை நீட்டினாள். "சாவியை வெச்சுட்டுப் போங்க சார். போன மாசம் அந்த ஜீப்போட சேர்த்து உங்களுக்குக் குடுத்த பொறுப்பு இந்தக் குழாய்தானுங்க."