தராசண்ணனும் காணாமல் போன 'ங்க'வும்

கோயமுத்தூரில் ஸ்பீக்கரை நிறுத்து வாங்கிய ஒரே மனிதர் தராசண்ணன்தான். பாட்டை நிறுத்தி என்று நினைத்துவிட வேண்டாம். கொக்கித் தராசில் மாட்டித் தூக்கிப் பிடித்து, முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து வாங்குவார். இதை எங்கே சொன்னாலும் நான் அளக்கிறேன் என்கிறார்கள். அளந்தது அவர். நான் பையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றவன் மட்டுமே.

பீளமேட்டில் ஒரு மாடிக் கட்டடத்தில் வரிசையாக ஆறு அறைகள். ஓர் அறையில் நான், கணினிக் கம்பெனியில் வேலை. பக்கத்து அறையில் அவர். பம்புசெட் தயாரிக்கும் ஒரு கம்பெனியில் சோதனைப் பிரிவில் இருந்தார். ஓடுகிற பம்பின் மேல் ஒரு ஸ்க்ரூடிரைவரை ஊன்றி, அதன் கைப்பிடியில் காதை ஒட்டிவைத்து, உள்ளே பேரிங் ஒழுங்காகச் சுற்றுகிறதா என்று சொல்வது அவருடைய உத்தியோகம். வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. கல்யாணப் பேச்சை எடுத்தால், "இன்னும் செட்டு சரியா அமையலீங்க" என்பார். எந்தச் செட்டைச் சொல்கிறார் என்று எங்களில் யாருக்கும் புரிந்ததில்லை.

என் கணினிக்கு ஸ்பீக்கர் வாங்கப் போன அன்று அவரைத் துணைக்குக் கூப்பிட்டது நான் செய்த தப்பு. கையில் இருந்தது சொற்பம். ஆசை மட்டும் தியேட்டர் அளவுக்கு இருந்தது. காந்திபுரத்துக் கடைக்காரர் ஐந்து சின்னப் பெட்டி, ஒரு பெரிய பெட்டி என்று ஒரு குடும்பத்தையே எடுத்து மேஜையில் வைத்தார். நீல விளக்கு எரிந்தது. அட்டைப்பெட்டியில் வாட்ஸ் ஆயிரக்கணக்கில் போட்டிருந்தது. ஒரு குத்துப்பாட்டைப் போட்டதும் என் சட்டைப் பொத்தான் அதிர்ந்தது. நான் மயங்கிப்போய் நின்றபோது தராசண்ணன் பைக்குள் கையை விட்டார்.

சின்னப் பெட்டி ஒன்றைக் கொக்கியில் மாட்டினார். முள் நகர்வதா வேண்டாமா என்று யோசித்தது. "ஏனுங்க, இதுக்குள்ள ஏதாச்சும் வெச்சிருக்கறீங்களா?" என்று கடைக்காரரிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார். பிறகு நடுக்கடையில் நின்று எனக்கு விளக்கம். ஸ்பீக்கருக்கு உயிர் காந்தம்தான், நல்ல காந்தம் கனக்கும். ஆறு பெட்டிக்குப் பிரித்துக் கொடுக்கிற காசை இரண்டு பெட்டியில் போட்டால் அந்த இரண்டுமாவது உருப்படியாக இருக்கும். வாட்ஸ் கணக்கை நம்பவே கூடாது. "அட்டையில எழுதறதுக்குக் கரண்டு செலவாகுதுங்களா? எவ்வளவு வேணும்னாலும் எழுதிக்கலாமுங்க" என்றார். கடைக்காரர் பாட்டை அணைத்துவிட்டார்.

கடைசியில் விளக்கு, அலங்காரம் எதுவும் இல்லாத இரண்டு கறுப்புப் பெட்டிகளோடு திரும்பினேன். கூடவே தீப்பெட்டி அளவில், கணினிக்கு வெளியே செருகுகிற ஒரு சவுண்டு கார்டும் வாங்க வைத்தார். கணினிக்குள் ஃபேனும் மற்றதும் சேர்ந்து இரைகிற இடத்தில் சவுண்டு கார்டைக் குடிவைத்தால் அதுவும் சேர்ந்துதான் இரையும் என்பது அவர் கட்சி. பெட்டிகளைக் காது உயரத்துக்குச் செங்கல் மேல் ஏற்றி வைத்தார். கொடுத்த காசுக்கு அது பாடியது அதிகம் என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அதன் பிறகு எங்கள் கட்டடத்தில் யார் ஸ்பீக்கர் வாங்கினாலும் தராசும் உடன் போயிற்று. பஸ்ஸை விட்டு அவர் இறங்குவதைப் பார்த்ததும் ஒரு கடைக்காரர் காலை பத்தரை மணிக்கு 'உணவு இடைவேளை' அட்டையை மாட்டியதாகச் சொல்வார்கள். நானே அந்த அட்டையைப் பார்த்திருக்கிறேன்.

இந்த ராஜ்யத்துக்கு ஒருநாள் ஆபத்து வந்தது. கடைசி அறைக்காரர் தராசண்ணனைக் கூப்பிடாமல் தானே தராசோடு போய், கடையிலேயே கனமான ஜோடியாகப் பார்த்து வாங்கி வந்தார். போட்டுப் பார்த்தால் கம்பளிக்குள் படுத்துக்கொண்டு ஒருவர் பாடுவது போலிருந்தது. தராசண்ணன் திருகாணிகளைக் கழற்றி உள்ளே டார்ச் அடித்தார். மூலையில் ஒரு சிமெண்டுக் கட்டி ஒட்டியிருந்தது. அதை விரலால் தட்டிப் பார்த்தார். "சிமெண்டு நல்ல சிமெண்டுதானுங்க" என்றார். அடுத்த இரண்டு நாள் அவர் மெஸ்ஸில் சரியாகச் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் புதுச் சோதனையோடு வந்தார். அதற்கு அவருடைய சொந்த ஊரைச் சொல்ல வேண்டும். சோமனூர்க்காரர், வீட்டை ஒட்டியே எட்டு விசைத்தறி. தறி ஓடுகிறபோது பேச்சின் தலைதான் காதில் விழும், வால் விழாது. வா, போ, தின்னு. தங்கள் வீடு மரியாதை தெரியாத வீடு என்றே சின்ன வயதில் நினைத்திருந்தாராம். ஒருநாள் பகல் முழுக்கக் கரண்டு இல்லை. சமையல்கட்டிலிருந்து, "சாப்புட வாங்க சாமி" என்று அம்மாவின் குரல். விருந்தாளி யார் என்று திரும்பிப் பார்த்திருக்கிறார். "என்னையத்தானுங்க கூப்புட்டிருக்கறாங்க. எப்பவும் அப்புடித்தான் கூப்புட்டிருக்கறாங்க. 'ங்க'வைத் தறி தின்னுபோட்டுதுங்க" என்றார்.

ஆக, நல்ல ஸ்பீக்கர் என்றால் 'ங்க' கேட்க வேண்டும். மூக்கிலிருந்து மெல்ல வந்து அடங்குகிற அந்த ஓசையை விழுங்காமல் கொடுக்கிற பெட்டிதான் பெட்டி. கரண்டு இல்லாத இன்னொரு நாளில் ஊருக்குப் போய் அம்மாவின் குரலைப் பதிவு செய்துகொண்டு வந்தார். கடைகளில் இனி குத்துப்பாட்டு கிடையாது. "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க, சாப்டுட்டுத்தான் போகோணுங்க" என்று அந்த அம்மா அழைக்க, இவர் கண்ணை மூடி ஒவ்வொரு 'ங்க'வாக எண்ணுவார். ஒரு கடையில் மவுஸ் வாங்க வந்த பெரியவர், "இல்லீங்கம்மா, இப்பத்தான் சாப்டுட்டு வாரேன்" என்று பதில் சொன்னார். அந்த ஜோடியைத் தராசண்ணன் மறுபேச்சில்லாமல் வாங்கச் சொன்னார்.

மற்றவர்களுக்கு இப்படியெல்லாம் வாங்கிக் கொடுத்தவர் தமக்குக் கடையில் வாங்கவில்லை. உக்கடத்துப் பழைய சாமான் கடைகளில் பல வருடம் அலைந்து ஸ்பீக்கரைப் பொறுக்கி, ஆசாரியிடம் மரப்பெட்டி சொல்லிச் செய்து, தம் கையாலேயே கோத்த ஜோடி அவருடையது. திருப்பூர் பனியன் துணியால் தினமும் துடைப்பார். வீட்டு ஓனர் தம் பெண்ணின் விசேஷத்துக்கு ஒருநாள் கேட்டபோது, வாடகையை வேண்டுமானால் ஏற்றிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். நாங்கள் அறைக்குள் போனால் அந்தப் பக்கம் கையை நீட்டக்கூட மாட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஈரோட்டில் பெண் பார்த்தார்கள். பெண்ணின் அப்பா மஞ்சள் மண்டி வைத்திருந்தார். நேரில் வருவதற்கு முன்னால் பையனோடு வீடியோவில் ஒரு வார்த்தை பேசிவிடலாம் என்றார்கள். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு என் கணினி முன்னால் உட்கார்ந்தேன். அந்தப் பக்கம் ஹாலில் கணினி, சுற்றிலும் உறவுக்கூட்டம். கேள்வி மேல் கேள்வி. நடுவில் மண்டிக்காரர் ஃபேனைக் குறைக்க எழுந்தபோது அந்தப் பெண் சட்டென்று குனிந்து, "எங்கப்பா நெம்பக் கேள்வி கேப்பாரு. பயந்துக்காதீங்க" என்றாள். அவ்வளவுதான். அதற்கு மேல் அவர் என்ன கேட்டார், நான் என்ன சொன்னேன் என்பது எனக்கே சரியாக நினைவில்லை. கட்டினால் இந்தப் பெண்ணைத்தான் என்று மனசுக்குள் முடிவாகிவிட்டது.

மறுநாள் காலையில் ஊரிலிருந்து என் தாய்மாமா போனில் கொதித்தார். சம்பந்தம் வேண்டாம் என்று ஈரோட்டில் சொல்லிவிட்டார்களாம். பையன் படித்திருக்கிறான், சம்பாதிக்கிறான், எல்லாம் சரி. பெரியவர்களைப் பார்த்து வா, இரு, சொல்லு, கேளு என்று பேசுகிற பையனுக்குப் பெண்ணை எப்படிக் கொடுப்பது என்று கேட்டார்களாம். நான் பிறந்ததிலிருந்து எங்கள் வீட்டு நாயைக்கூட நீ என்று சொன்னதில்லை. மாமாவிடம் சத்தியம் செய்தேன். அவர் நம்பவில்லை.

தராசண்ணன் அறையில் போய் விழுந்தேன். அவர் ஒரு தாளையும் பேனாவையும் நீட்டினார். எந்தெந்த வார்த்தைக்குக் கோபித்துக்கொண்டார்கள் என்று மாமாவிடம் மறுபடி கேட்டு எழுதச் சொன்னார். திட்டு வாங்கிக்கொண்டே எழுதினேன். வா. இரு. சொல்லு. கேளு. பேனாவை வாங்கி ஒவ்வொன்றின் பக்கத்திலும் 'ங்க' என்று எழுதி நீட்டினார். வாங்க, இருங்க, சொல்லுங்க, கேளுங்க. பிறகு என் கணினியில் என்னைப் பேசவைத்துப் பதிவு செய்து, தம் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்டார். எல்லா 'ங்க'வும் பத்திரமாக இருந்தன.

"உங்க வாயில தப்பில்லீங்க தம்பி. அவிங்க பொட்டியிலதான் தப்பு. தும்முனு அடிக்கிற பேஸைத் தூக்கி வெச்சிருப்பாங்க, அதுல பாதி 'ங்க' அமுங்கிப்போச்சு. மிச்சத்தை இரைச்சல்னு நெனச்சு அவிங்க சவுண்டு கார்டு வெட்டிப்போட்டிருக்குதுங்க."

இதை யார் போய்ச் சொல்வது? ஏற்கெனவே மரியாதைக் குறைவென்று கொதித்துப்போயிருக்கும் மனிதரிடம் உங்கள் வீட்டு ஸ்பீக்கர் மட்டம் என்றால் கதை முடிந்தது. மாமா அந்த ஊர்ப் பக்கமே வரமாட்டேன் என்றார். தராசண்ணன் என்னிடம் ஒன்றுதான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு நல்லாக் காய்ந்த விரலி மஞ்சள் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கணினி முன்னால் உட்கார வேண்டும். எதற்கு என்று கேட்டேன். ஒடிப்பதற்கு என்றார்.

ஞாயிற்றுக்கிழமை திரை தெளிந்தபோது ஈரோட்டு ஹாலில் மண்டிக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பெண் கதவோரத்தில் இருந்தாள். மேஜைக்கு அடியில் தராசண்ணனின் முதுகு மட்டும் தெரிந்தது. மஞ்சளை ஒடிக்கும்போது எழும் சத்தத்திலேயே அதன் காய்ச்சலைச் சொல்லிவிடுவதில் ஈரோட்டில் உங்களை மிஞ்ச ஆள் இல்லை என்று கேள்விப்பட்டேன், கோயமுத்தூரில் இருந்தே ஒடித்தாலும் சொல்வீர்களா என்று மண்டிக்காரரிடம் கேட்டுத்தான் அவர் உள்ளே நுழைந்திருக்கிறார். எந்த வியாபாரி மாட்டேன் என்பார்?

ஒடிக்கச் சொன்னார்கள். ஒடித்தேன்.

"ஈரம் போகலீங்க. இன்னும் நாலு நாள் வெயில்ல கெடக்கோணும்" என்றார் மண்டிக்காரர்.

மேஜைக்கு அடியில் தீப்பெட்டி அளவு சவுண்டு கார்டு ஒன்று செருகப்பட்டது, ஏதேதோ ஒயர் மாறியது. பழைய பெட்டிகள் ஓரம் போயின. மேஜை மேல் வந்து உட்கார்ந்ததைப் பார்த்ததும் திரைக்குக் கிட்டே குனிந்தேன். உக்கடத்து ஜோடி. அவருடையதே. பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு போயிருக்கிறார்.

"இன்னொருக்கா ஒடிங்க தம்பி" என்றார் தராசண்ணன். கையில் மிச்சமிருந்த பாதியை ஒடித்தேன்.

மண்டிக்காரர் கட்டியிருந்த கையை அவிழ்த்தார். "இது நல்ல காய்ச்சல். முதல்லயே இதைக் காட்டியிருக்கலாமுங்களே."

"அதே விரலிதானுங்க" என்றேன். துண்டுகளைக் கேமரா முன்னால் பிடித்து ஒட்டிக் காட்டினேன். வாய்க்கு வாய் பொருந்தியது. அவர் திரும்பிப் பழைய பெட்டிகளைப் பார்த்தார். "எம்பட காதே ஏமாந்துபோச்சுங்களே" என்றார் மெதுவாக. பிறகு, "தம்பி, ஏதாச்சும் பேசுங்க" என்றார்.

வாழ்க்கையே அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. வாய் தன் பாட்டுக்கு, "வாங்க, உக்காருங்க, தண்ணி குடிங்க, சாப்டுட்டுத்தான் போகோணுங்க" என்றது. அவர் ஹாலில் அவரையே உட்காரச் சொல்கிறேன். கதவோரத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வந்தது. மண்டிக்காரர் விரலை மடக்கி எண்ணியதுபோல் எனக்குப் பட்டது. கடைசியில் அவரும் சிரித்துவிட்டார்.

மாலையில் தராசண்ணன் காலிப் பையோடு திரும்பினார். கல்யாணம் முடிகிற வரைக்கும் தினமும் பேச வேண்டியிருக்கும், அந்தப் பெட்டி இங்கேயே இருக்கட்டும் என்று மண்டிக்காரர் கேட்டாராம். கொடுத்துவிட்டீர்களா என்று அலறினேன். தம்மிடம் வேறொரு செட்டு சும்மா கிடக்கிறது என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். நான் இருந்த சந்தோஷத்தில் அதை நம்பிவிட்டேன். மறுநாளே கல்யாண வேலைக்கு ஊருக்கும் போய்விட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பத்திரிகை அச்சாகி வந்தது. முதல் பத்திரிகை அவருக்குத்தான் என்று வெற்றிலை பாக்கோடு தட்டை எடுத்துக்கொண்டு மத்தியானம் அவர் அறைக்குப் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. மேஜையில் பெட்டிகள் நின்ற செங்கற்கள் மட்டும் இருந்தன. நடுவில் ஒரு பித்தளைச் சொம்பு. அதற்குள் அவருடைய செல்போன் நின்றுகொண்டு செய்தி வாசித்தது. பம்பின் கோளாறையே காதால் பிடிக்கிற மனிதர் சொம்பின் வாய்க்குப் பக்கத்தில் முகத்தைச் சாய்த்துக் கேட்டுக்கொண்டிருந்தார்.

என்னைப் பார்த்ததும் துண்டை எடுத்துச் சொம்பை மூடப் பார்த்தார். முடியாமல் சிரித்தார். "இதுதானுங்க அந்த வேறொரு செட்டு. பித்தளைங்க. கிட்ட உக்காந்தா மோசமில்லீங்க" என்றார்.

எனக்கென்று இந்த மனிதர் எதைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார் என்பது அப்போதுதான் உறைத்தது. தட்டை நீட்டி, கல்யாணத்துக்கு வாங்க என்று சொல்ல வாயெடுத்தேன். 'வா' வரைக்கும்தான் வந்தது. 'ங்க' வெளியே வரவில்லை. அவருக்கு அது கேட்டிருக்கும்.