காலியாக வந்த கேசரிக் கிண்ணம்

ரிஷிவந்தியம்

அன்பும் மரியாதையும் நிறைந்த அறிவு அண்ணாவுக்கு,

உங்கள் தங்கை இலக்கியா எழுதிக்கொள்வது. இங்கே நான், உங்கள் மாப்பிள்ளை சுபாஷ், குழந்தை தனுஷா மூவரும் நலம். அங்கே நீங்களும் அண்ணியும் நலம் என்றே வைத்துக்கொண்டு மேலே எழுதுகிறேன். பதில் பத்து நாள் தாமதம். காரணம் பாதி வெட்கம், பாதி பெருமை.

பக்கத்து நாட்டுடன் பல வருடமாக இருக்கும் வர்த்தகத் தடையை நீக்கலாமா கூடாதா என்று பள்ளியில் பட்டிமன்றம் வைத்தார்களே, 'நீக்கக் கூடாது' அணிக்கு நீங்கள் எழுதி அனுப்பிய நாலு பக்கத்தையும் நம் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒரு வார்த்தை பிசகாமல் சொன்னாள். பயமெல்லாம் எனக்குத்தான். தண்ணீர், குளுக்கோஸ், வாந்தி வந்தால் பிடிக்கக் கவர் என்று ஒரு மூட்டையே தூக்கிப் போயிருந்தேன். "திருந்தாத நாட்டுகிட்ட வெங்காயம்கூட வாங்கக் கூடாது!" என்று அவள் மேசையைத் தட்டியபோது எல்லாரையும்விடச் சத்தமாக நான்தான் கைதட்டினேன். ஏனென்றால் முன்வரிசையில் பக்கத்து வீட்டுக் கமலா அக்கா. அவர் மகன் எதிரணி. அவர் வீட்டின் மேல் நான் போட்ட தடைக்கு அப்போது வயது மூன்று. தனுஷாவிடம் நான் கொடுத்தனுப்பிய கேசரிக் கிண்ணத்தைக் காலியாகத் திருப்பிவிட்டார் என்று உங்களிடம் போனில் அழுதேனே, அதுதான். ஒரு சிட்டிகை சர்க்கரையாவது போடாமல் யாராவது பாத்திரத்தைத் திருப்புவார்களா? அன்றிலிருந்து அவர்களுக்கு நம் வீட்டு உறை மோர் கிடையாது, நமக்கு அவர்கள் வீட்டுக் கறிவேப்பிலை கிடையாது. அந்த மரமோ நம் மதில் மேலேயே சாய்ந்து நிற்கிறது. "தலைக்கு மேல தொங்குது, நீ இன்னாடான்னா சந்தையில வாங்கிக்கினு வர்ற" என்பார் உங்கள் மாப்பிள்ளை. "பறிச்சா தடைக்கு இன்னாங்க மரியாதை?" என்பேன் நான்.

அப்போதுதான் நடுவர் டீச்சர் கேட்டார்: "தடையை நீக்கணுமா வேணாமான்னு சொல்றதுக்கு முன்னாடி, அது எதனால வந்துச்சுன்னு தெரியணும் இல்லம்மா?" உங்கள் நாலு பக்கத்தில் அதற்குப் பதில் இல்லை அண்ணா. தனுஷா என்னைப் பார்த்தாள், கமலா அக்காவைப் பார்த்தாள்.

"நாட்டுத் தடை தெரியாது மிஸ். எங்க வூட்டுத் தடை என்னாலதான் வந்துச்சு. கமலா பெரிம்மா கிண்ணத்துல சர்க்கரை போட்டுதான் குடுத்தாங்க. வழியிலயே நான் தின்னுட்டேன். அம்மா திட்டும்னு சொல்லல. எல்லாத் தடையையும் எடுத்துடுங்க மிஸ்."

கூட்டமே சிரித்தது. கமலா அக்கா திரும்பி, "அடிப்பாவி, ஒரு வார்த்தை கேட்டா இன்னா? மூணு வருஷமா பாக்கெட் தயிரு தின்னுகினு இருக்கோம்டி!" என்றார்.

சொந்த அணியைக் கவிழ்த்ததால் தனுஷாவுக்குப் பரிசு இல்லை. போகட்டும். இருநூறு பேர் முன்னால் தன் குற்றத்தைத் தானே சொல்ல எந்தப் பிள்ளைக்கு வாய் வரும்? எம்.காம். படித்த எனக்கு, மதில் தாண்டி ஒரு வார்த்தை கேட்க வாய் வரவில்லையே! அந்த நாட்டுத் தடையும் நீங்கட்டும் என்றுதான் இப்போது சொல்வேன்; எந்தச் சர்க்கரையை யார் தின்றார்களோ, முதலில் போய்க் கேட்கட்டும்.

நேற்று இங்கிருந்து மோர் போனது, அங்கிருந்து கறிவேப்பிலை வந்தது. இன்று அதே கிண்ணத்தில் பாயசம் ஊற்றி, தனுஷா கையிலேயே அனுப்பியிருக்கிறேன். நம் ஊர் அர்த்தநாரீஸ்வரர் உங்களையும் அண்ணியையும் சண்டை சச்சரவு இல்லாமல் ஓருடம்பாக வைக்கட்டும்.

பிள்ளையால் பெருமை அடைந்த தங்கை,
இலக்கியா

பி.கு.: கிண்ணம் வந்துவிட்டது. காலி. பெரிம்மா எதுவும் தரலையா என்றால் தலையை மட்டும் ஆட்டுகிறாள். வாயைத் திறடி என்றால் திறக்க மாட்டேன் என்கிறாள். கமலா அக்காவிடம் போய் இதை எப்படிக் கேட்பது? இன்றைக்குக் கறிவேப்பிலையைச் சந்தையிலேயே வாங்கிக்கொள்கிறேன்.