எங்கார்னா கடையின் குறைந்தபட்ச இரைச்சல்

பெனால்மிரா நகராட்சிக்கு இரைச்சல் ஆகாது. அந்த ஊர்க்காரர்கள் குசலம் விசாரித்தாலே பக்கத்துத் தெருவுக்குக் கேட்கும். நகராட்சிக்காரர்களும் அதே ஊர்க்காரர்கள்தான் என்பதால், இரைச்சலை ஒழிப்பதற்காக நடந்த கூட்டங்களும் பக்கத்துத் தெருவுக்குக் கேட்டன. கடைசியில் பொதுமக்கள் நலன் கருதி ஓர் அரிய அட்டவணை வெளியாயிற்று. இரைச்சல் இந்த அளவு என்றால் காப்பிக் கடை. அதற்கு மேல் மதுக்கடை. அதற்கும் மேல் நடனக் கூடம். அதையும் தாண்டினால் அபராதம்.

அட்டவணையின் அடியில் கொஞ்சம் இடம் மிச்சம் இருந்தது. காகிதம் வீணாகக் கூடாதே என்று எழுத்தர் ஒருவர், 'காப்பிக் கடைக்குரிய இரைச்சலை எட்டாதவை: வாசகசாலை, அலுவலகம், இடுகாடு' என்று சேர்த்து வைத்தார். ஸ்பெயினில் ஒரு காப்பிக் கடை அவ்வளவு அமைதியாக இருக்கும் என்று யாரும் கனவிலும் நினைக்கவில்லை. ஆகவே யாரும் ஆட்சேபிக்கவுமில்லை.

அந்தக் கடைசி வரியில்தான் எங்கார்னா மாட்டிக்கொண்டாள்.

எங்கார்னா காப்பிக் கடை வைத்து, அதிலேயே ரொட்டியும் சுடுகிறவள். மாவைப் புளிக்கவைத்து, கையால் பிசைந்து, கல் அடுப்பில் சுடுவாள். பிசைகிற மிஷின் வாங்க வசதியில்லாததால் கையால் பிசைந்துகொண்டிருந்தாள். அதற்குக் 'கைவினை ரொட்டி' என்று பெயர் என்பது வெளியூர்க்காரி ஒருத்தி வந்து சொல்லித்தான் அவளுக்குத் தெரிந்தது. அன்றைக்கே பலகையை மாற்றி எழுதினாள். விலையையும் மாற்றி எழுதினாள். ரொட்டியை மட்டும் மாற்றவில்லை. கருகிவிட்டது என்று திருப்பிக் கொடுத்த அதே ஜனம், பலகை மாறிய பிறகு கருகலாகப் பார்த்துப் பொறுக்கியது.

அதோடு மடிக்கணினிக்காரர்களும் வந்து சேர்ந்தார்கள். இவர்களுக்கு அலுவலகம் ஆம்ஸ்டர்டாமில் இருக்கும், உடம்பு மட்டும் இங்கே இருக்கும். ஒரு காப்பியை வாங்கி வைத்துக்கொண்டு பொழுது சாயும்வரை அதற்குக் காவல் இருப்பார்கள். பலகைக்கு யோசனை சொன்ன அந்த வெளியூர்க்காரிதான் இவர்களில் முதல் ஆள். சயோவா என்று பெயர், பில்பாவோக்காரி. எந்தக் கூட்டத்தை எப்போது கூட்டலாம் என்று முடிவு செய்கிற கூட்டங்களைக் கூட்டுவது அவள் உத்தியோகம். மரியாதையான பெண். யாரிடமும் குரலை உயர்த்த மாட்டாள். விரலை உதட்டில் வைத்து "உஷ்" என்பாள், அவ்வளவுதான்.

அந்த 'உஷ்' முதலில் விழுந்தது டொமினோ மேஜையின் மேல். தினமும் மத்தியானம் அனிசேத்தோவும் அவருடைய மூன்று கூட்டாளிகளும் அங்கே ஆடுவார்கள். அனிசேத்தோ துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர்; கீழே நிற்கிறவனுக்குக் கேட்க வேண்டுமே என்று காலமெல்லாம் மேலிருந்து கத்திய தொண்டை. டொமினோவில் புள்ளி வைத்த கட்டையைப் பளிங்கு மேஜையில் ஓங்கி அடித்து வைக்க வேண்டும். மெல்ல வைக்கக் கூடாது என்று விதியொன்றும் கிடையாது. மெல்ல வைத்தவனை யாரும் மனுஷனாக மதிப்பதில்லை, அவ்வளவுதான்.

எங்கார்னாவுக்கு இரண்டு பக்கமும் வேண்டும். யோசித்துப் பார்த்து, டொமினோ மேஜையில் பச்சைக் கம்பளித் துணி ஒன்றை விரித்துவிட்டாள். அனிசேத்தோ வந்தார். துணியைப் பார்த்தார். அதை மடித்துத் தன் கோட்டுப் பையில் வைத்துக்கொண்டு வெளியே போனார். கூட்டாளிகள் அவர் பின்னாலேயே போனார்கள். அதற்குப் பிறகு அவர்கள் ஆட்டம் ஊர் எல்லையில் இருக்கிற பெட்ரோல் பங்க் மதுக்கடையில்தான்.

கடை அடங்கிவிட்டது. காப்பிக்கொட்டை அரைக்கிற மிஷினுக்கு எங்கார்னா தன்னுடைய குளிர்காலப் போர்வையைச் சுற்றினாள். ரொட்டி வாங்க வருகிறவர்கள் வாசலில் நின்று "யாரு கடைசி?" என்று சத்தமாகக் கேட்டுத்தான் வரிசையில் நிற்பார்கள்; அது அந்த ஊர் வழக்கம். இப்போது ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உத்தேசமாக நின்றார்கள். மீன் சந்தை வரைக்கும் எட்டிய எங்கார்னாவின் குரல் கல்லாப் பெட்டியைத் தாண்டவில்லை. அவளுடைய அக்கா போனில், "தொண்டையில ஏதாச்சும் கட்டியாடி?" என்று கேட்டு அழுதாள்.

மாடி வீட்டு ஒப்தூலியா அம்மாள்தான் புகார் கொடுத்தாள். "கீழே சத்தமே இல்லை. மத்தியானம் கண்ணை மூட முடியலை. என்னமோ தப்பு நடக்குது." சத்தமில்லை என்று ஒரு புகார் நகராட்சிக்கு வந்தது அதுவே முதல் தடவை. விஷயத்தை மிக அவசரமாகக் கருதி, அந்த வருஷத்துக்குள்ளேயே ஆளை அனுப்பினார்கள்.

இரைச்சல் தடுப்புப் பிரிவு ஆய்வாளர் உபால்தோ வந்தார். காப்பி ஒன்று சொல்லிவிட்டு, இரைச்சல் அளக்கிற கருவியை எடுத்து மேஜையில் வைத்தார். முள் படுத்துக்கிடந்தது. தட்டிப் பார்த்தார். அப்போதும் எழுந்திருக்கவில்லை.

"அம்மா, இது காப்பிக் கடை இல்லை" என்றார்.

"அப்ப உங்க கையில இருக்கிறது என்ன சார்?"

"காப்பி. எங்க ஆபீஸ்லகூடத்தான் காப்பி இருக்கு. அதனால அது காப்பிக் கடை ஆயிடுமா?"

"உங்க ஆபீஸ்ல ரொட்டி சுடறீங்களா?"

"பாத்தீங்களா, நீங்களே பாயிண்டுக்கு வந்துட்டீங்க. ஆபீஸ்ல அடுப்பு எரியலாமா?"

"இது ஆபீஸ் இல்லையே சார்!"

"சுத்திப் பாருங்கம்மா. எல்லாரும் வேலை செய்யறாங்க. ஒருத்தர் பேசலை, ஒருத்தர் சிரிக்கலை. எங்க ஆபீஸே இந்த அளவுக்கு ஆபீஸா இல்லை."

"சத்தம்தானே வேணும்? நான் கத்தறேன், எழுதிக்குங்க."

"உரிமையாளர் சத்தம் கணக்குல வராது. வாடிக்கையாளர் மனசாரப் போடற சத்தம்தான் செல்லும்." உபால்தோ இரக்கமுள்ளவர், குரலைத் தாழ்த்தினார். "வெள்ளிக்கிழமை வரைக்கும் டயம் தர்றேன். முள்ளு காப்பிக் கடைக்கு ஏறலேன்னா அடுப்புக்கு சீல்."

எங்கார்னா அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். அடுப்பு போனால் அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. அதைவிட, அந்த அடுப்பைப் பற்றவைக்காத காலைப்பொழுதில் எழுந்து என்ன செய்வது என்றே அவளுக்குத் தெரியாது.

அறிக்கை எழுதுவதற்காக உபால்தோ அங்கேயே உட்கார்ந்தார். இடம் வெகு அமைதி, ரொட்டி வெகு ருசி. மறுநாளும் அறிக்கை எழுத வந்தார். அபிப்பிராயம் சொல்ல ஒரு சகாவைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தச் சகாவுக்குக் கையெழுத்துப் போடுகிறவர் வந்தார். இரண்டே நாளில் இரைச்சல் தடுப்புப் பிரிவு மொத்தமும், பொதுமக்களுக்கு முன்னறிவிப்பு ஏதுமின்றி, எங்கார்னா கடைக்கு இடம் மாறியிருந்தது.

எங்கார்னா சயோவாவிடம் போய் நின்றாள்.

"நாங்க எல்லாரும் உங்க பக்கம்தான்" என்று சயோவா கிசுகிசுத்தாள். கண் கலங்கியிருந்தது. "இன்னிக்கே ஆதரவுக் கூட்டம் போடறோம்." போட்டார்கள். அதே கடையில், அவரவர் மேஜையில், அவரவர் திரையைப் பார்த்துக்கொண்டு, ஒலியை அணைத்துவிட்டுக் கூட்டம் நடத்தினார்கள். எங்கார்னா கடையில் சத்தம் வேண்டும் என்ற தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. ஒரு சத்தமும் கேட்கவில்லை.

வேறு வழியில்லாமல் பெட்ரோல் பங்க் மதுக்கடைக்கு நடந்தாள். அங்கே டி.வி. அலறிக்கொண்டிருந்தது. அனிசேத்தோ நிமிர்ந்தே பார்க்கவில்லை.

"யோவ் அனிசேத்தோ, வெள்ளிக்கிழமை வந்து ஆடுய்யா."

"என்னது? காதுல விழலை."

"வந்து ஆடுய்யான்னேன்!"

"கம்பளி போத்திக்கிட்டுப் பேசற மாதிரி இருக்கு." பையிலிருந்து அந்தப் பச்சைத் துணியை எடுத்து உதறினார். "இதைப் பாத்தியா? மறந்துடக் கூடாதுன்னு தினம் பையில வெச்சுட்டுத் திரியறேன். நீ என்னை 'வெளிய போ'ன்னு திட்டியிருந்தா மறுநாளே வந்திருப்பேன்டி. துணியை விரிச்சே பாரு!"

"என் புத்தியைச் செருப்பால அடிக்கணும். அடுப்பைப் பூட்டப் போறாங்கய்யா."

அனிசேத்தோ கட்டைகளைக் கலைத்தார். அவருக்கும் அவள் ரொட்டிதான் சாப்பாடு. இந்த மதுக்கடை ரொட்டி டயர் மாதிரி இருந்தது.

"பளிங்கு மேஜையா?"

"பளிங்கு மேஜைதான்."

"துணி?"

"பேசாதேய்யா அந்தப் பேச்சு."

வெள்ளிக்கிழமை மத்தியானம் நால்வரும் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார்கள். உட்கார ஒரு மேஜைதான் காலி, மற்றதெல்லாம் அலுவலகம். உபால்தோ கருவியை நடுவில் வைத்துத் தலையசைத்தார். அனிசேத்தோ இரண்டு பக்கமும் ஆறு புள்ளி வைத்த ஆறாறு கட்டையைத் தலைக்கு மேலே, கிரேன் உயரத்துக்குத் தூக்கினார்.

"ஐயா!" உபால்தோ பதறிக்கொண்டு எழுந்தார். "சோதனை நடக்குது. தயவுசெஞ்சு சத்தம் போடாதீங்க."

"சத்தத்துக்குத்தானேய்யா சோதனை?"

"அதேதான். நீங்க சத்தம் போட்டா கருவிக்கு எப்படிக் கேக்கும்?"

மொத்தப் பிரிவும், அதோடு சேர்ந்து மடிக்கணினிக்காரர்களும், ஒரே மூச்சில் "உஷ்" என்றார்கள். கட்டை அனிசேத்தோவின் கையிலேயே நின்றது. 'அடிய்யா!' என்று கத்த எங்கார்னா வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

அந்த 'உஷ்'ஷில் முள் கொஞ்சம் எழுந்திருக்கத்தான் செய்தது. ஆனால் அரசு ஊழியர் பணிநேரத்தில் எழுப்பும் ஒலி வாடிக்கையாளர் ஒலி ஆகாது. மடிக்கணினிக்காரர்கள் போட்டது பணிநிமித்த ஒலி. கழித்துப் பார்த்தால் முள் இருந்த இடத்திலேயே இருந்தது. சாயந்திரம் அடுப்பு வாயில் அரக்கு முத்திரை வைத்தார்கள். முத்திரை குத்தியவர் உருக்கமாக, "நல்ல அடுப்பும்மா" என்றார்.

திங்கட்கிழமை உபால்தோ வந்து உட்கார்ந்து, "டோஸ்ட் இல்லையா?" என்றார்.

"அடுப்பைப் பூட்டினது யாரு சார்?"

"அது வேற பிரிவும்மா. நான் டோஸ்ட்டைப் பத்திக் கேக்கறேன்."

டோஸ்ட் இல்லாத இடத்தில் வேலை ஓடுமா? மத்தியானத்துக்குள் இரைச்சல் தடுப்புப் பிரிவும் ஆம்ஸ்டர்டாமும் பைகளைத் தோளில் மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டன. ஆள்தான் போய்விட்டார்களே, முத்திரையை எடுக்கக் கூடாதா என்று எங்கார்னா போனில் கேட்டாள். ஆள் போனதால் இரைச்சல் மேலும் குறைந்திருப்பதாகவும், நிலைமை முன்பைவிட மோசம் என்றும் பதில் வந்தது.

கதவைச் சாத்திவிட்டுப் பெட்ரோல் பங்க் மதுக்கடைக்குப் போனாள். அனிசேத்தோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். அங்கே அலறல், சிரிப்பு, பொரிக்கிற சட்டியின் இரைச்சல். எங்கார்னாவுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது.

அப்போது கதவைத் திறந்துகொண்டு சயோவா வந்தாள். பின்னாலேயே உபால்தோ. பின்னாலேயே பிரிவு. ஒவ்வொருவராக மூலைகளில் உட்கார்ந்து மடிக்கணினிகளைத் திறந்தார்கள்.

அனிசேத்தோ அவர்களை ஒரு பார்வை பார்த்தார். வெள்ளிக்கிழமை அடிக்காமல் விட்ட கடன் அவர் கையிலேயே இருந்தது. ஆறாறை எடுத்து, பிராணனெல்லாம் சேர்த்து மேஜையில் ஒரு போடு போட்டார். கோப்பைகள் குதித்தன.

"உஷ்!"

கடை முழுக்கத் திரும்பிச் சயோவாவைப் பார்த்தது. சயோவா, நான் இல்லை என்று தலையாட்டினாள். உபால்தோவும் கையை விரித்தார். பிறகுதான் எல்லாரும் எங்கார்னாவைப் பார்த்தார்கள். அவளுடைய விரல் அவள் உதட்டின் மேல் இருந்தது. அதை எப்படி எடுப்பது என்று தெரியாமல் அவள் உட்கார்ந்திருந்தாள்.

அனிசேத்தோ பையிலிருந்து பச்சைத் துணியை எடுத்து மேஜையில் விரித்தார். அடுத்த கட்டையை அதன்மேல் மெல்ல வைத்தார். யாரோ டி.வி.யை அணைத்தார்கள்.

மூலையில் உபால்தோ கருவியை வெளியே எடுத்து, முள்ளைப் பார்த்துவிட்டு, பேனா மூடியைத் திறந்தார்.