கம்ப்யூட்டருக்குக் கம்பளி போர்த்தியவர்

சூரியன் கிழக்கில்தான் உதிக்கிறதா என்று பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகுதான் பல் துலக்குவார் எங்கள் கம்பளி சார். மனிதர் எதையும் நம்ப மாட்டார். பஸ்ஸில் ஏறினால், “திருப்பத்தூர்தானே?” என்று டிரைவரிடமும் கண்டக்டரிடமும் தனித்தனியாகக் கேட்பார். இரண்டு பதிலும் ஒத்துப்போனால்தான் உட்காருவார். அதற்கு முன் சீட்டை ஒரு முறை ஆட்டிப் பார்ப்பார்.

எண்பதுகளின் நடுவில், ஜவ்வாது மலைமேல் ஓர் ஓட்டுக் கொட்டகையில் நாங்கள் சிலர் வேலை பார்த்தோம். கம்ப்யூட்டருக்குள் செருகினால் திரையில் கலரில் நிலப்படம் வரையும் கார்டு ஒன்றைச் செய்துகொண்டிருந்தோம். கம்ப்யூட்டரையே பலர் கண்ணால் பார்த்திராத காலம். அதைப் போய் ஏன் மலைமேல்? மெஷின் சூடானால் மக்கர் செய்யும், ஏசி வாங்க வசதியில்லை, மலை சும்மாவே குளிர்கிறது என்பது முதலாளியின் கணக்கு. நான் கார்டில் சிப்புகளை ஈயம் உருக்கிப் பற்றவைக்கிற சால்டரிங் ஆள். சார் சோதிப்பவர்.

சோதிக்க அவரே ஒரு புரோகிராம் எழுதியிருந்தார். அது படத்தை வரையும், அழிக்கும், மறுபடி வரையும், இரண்டும் ஒன்றா என்று தானே ஒப்பிடும். ஒரு புள்ளி மாறினாலும் மணி அடிக்கும். மணி என்றால் வீட்டு வாசலில் வைக்கிற காலிங்பெல்தான். பல வாரம் ஓடியும் அது அடிக்கவே இல்லை. முதலாளி சந்தோஷத்தில் எல்லோருக்கும் கேசரி வாங்கித் தந்தார். சார் கேசரியைக் கிளறி முந்திரி இருக்கிறதா என்று சரிபார்த்துவிட்டு, சாப்பிடாமல் வைத்துவிட்டார்.

“தப்பே வரலன்னா, நாம தேடுற எடந்தான் தப்பு” என்று முனகினார்.

கார்டை வாங்க வரும் அதிகாரிகளுக்குக் கீழே திருப்பத்தூரில் படம் போட்டுக் காட்ட வேண்டும். அதுவும் மே மாதத்தில். பிடித்தால் ஆர்டர், இல்லாவிட்டால் கொட்டகைக்குப் பூட்டு. முந்தின நாள் மத்தியானம் உள்ளே வந்த முதலாளி அலறிவிட்டார். எங்களிடம் இருந்த ஒரே மெஷினுக்குத் திரை மட்டும் தெரியும்படி கம்பளி போர்த்தி, பக்கத்தில் கரி அடுப்பை மூட்டி விசிறிக்கொண்டிருந்தார் சார். கம்பளி என்ற பெயர் அன்றுதான் வந்தது. அதுவரை அவர் பெயர் சந்தேகம்.

“யோவ், இன்னாய்யா பண்ற? கிழங்கு சுடுறியா?”

“கீழ வெயிலு இப்டிதாங்க கீது. அங்க போய்ச் சாவறதுக்கு இங்கியே சாவட்டும்.”

மணி அடித்தது. திரையில் நிலப்படத்தின் ஆறு ஒன்று பாதியில் அறுந்து நின்றது.

“நல்லா இருந்ததக் கெடுத்துட்டியே! நாளையோட வூட்டுக்குப் போய்டு. இனிமே மலை ஏறாத!”

“போறேங்க. மொதல்ல இத்தச் சரி பண்ணிட்டுப் போறேன்.”

பேப்பரைக் குழலாகச் சுருட்டி, ஒவ்வொரு சிப்பாக ஊதிக் குளிரவைத்தார். ஒன்றை ஊதியதும் அறுந்த ஆறு கூடிக்கொண்டது. அந்த சிப்பை நான் மாற்றினேன். மறுபடி கம்பளி, மறுபடி அடுப்பு. மணி அடிக்கவில்லை. முதலாளியின் கோபம் மட்டும் ஆறவில்லை.

மறுநாள் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஹால். சாரை முதலாளி வாசலிலேயே நிறுத்திவிட்டார். “உன் நெழலு கூட மெஷின் மேல படக்கூடாது.” சார் பையோடு வேப்பமரத்தடியில் போய் நின்றார். உள்ளே எல்லோருக்கும் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. படத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. பெரிய அதிகாரி முகத்தைத் துடைத்துக்கொண்டே ஆர்டர் என்றார். நான் வெளியே ஓடினேன்.

“சார், படம் கடைசி வரைக்கும் அப்டியே நின்னுச்சுங்க!”

“உள்ள சூடு?”

“வேவுதுங்க. வந்து ஒரு வாட்டி பாத்துட்டுப் போங்க சார்.”

“நீ பாத்தியே. போதும்பா.”

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டு பக்கம் நடந்தார். பிறகு முதலாளியே மனம் மாறி ஆள் விட்டுத் தேடியும் அவர் கிடைக்கவில்லை. அதுவரை யார் சொன்னதையும் அவர் அப்படியே ஏற்றுக்கொண்டு நான் பார்த்ததில்லை. அன்று அவர் தலை மறைந்ததும் அந்த மரத்தடியிலேயே உட்கார்ந்து அழுதேன்.